கண்டக்டர் கூட்டி வந்த மலை

மலை எங்கள் ஊருக்கு வந்ததற்கு மங்களேஸ்வரியின் மரியாதைதான் காரணம் என்று ஒரு கட்சியும், அவள் நாய் வழிநெடுக அடித்துவைத்த மூத்திரம்தான் காரணம் என்று இன்னொரு கட்சியும் இன்றுவரை டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. நான் இரண்டு கட்சியிலும் இருந்து பார்த்துவிட்டேன், தலை சுற்றியதுதான் மிச்சம், ஆனால் பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஏழு மணிக்கு, நான் களத்தில் மிளகாயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மலை வந்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

எங்கள் ஊர் வெள்ளரிக்குடி, பரமக்குடிக்குத் தெற்கே, தட்டையான பூமி, ஒரு தேங்காயை உருட்டிவிட்டால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அது அங்கேயே நின்றுவிடும், கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர், மலை என்ற ஒன்றை நாங்கள் காலண்டரில்தான் பார்த்திருந்தோம். மங்களேஸ்வரி எனக்குப் பக்கத்து வீடு. பரமக்குடியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை, வயது நாற்பது, புருஷன் செத்து ஆறு வருஷம், பிள்ளைகள் இல்லை, அவளுக்கென்று இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டரும் பஸ் ஸ்டாண்டில் குட்டியாகக் கண்டெடுத்த செவலை நாயும்தான். பஸ் ஸ்டாண்டில் பிறந்த தோஷமோ என்னவோ, ஸ்கூட்டரின் முன்னால் ஏறி நின்றுகொண்டு அந்த நாய் இரண்டு தடவை குரைத்தால்தான் வண்டி கிளம்பும், ஒரு தடவை குரைத்தால் நிறுத்தியாக வேண்டும். கண்டக்டர் என்று நாங்கள் கிண்டலாகக் கூப்பிடப் போய் அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வந்துவிட்டால் மங்களேஸ்வரி ஒரு தூக்கில் தயிர்ச்சோறும் ஒரு பையில் கூடாரத் துணியும் கட்டிக்கொண்டு கண்டக்டரோடு கிளம்பிவிடுவாள், கடற்கரைக்குப் போவாள், காட்டுக்குப் போவாள், அருவியில் இரண்டு பேரும் நனைந்துவிட்டு வருவார்கள், பொம்பளை தனியாக ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதாவது என்று நாங்கள் பேசுவோம், திரும்பி வந்து அவள் வீட்டுக்கு வீடு நெல்லிக்காயோ தேனோ கொடுப்பாள், வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவோம். எங்கே போனாலும் அவளுக்கு ஒரு வாய்ப்பழக்கம் உண்டு. பஞ்சர் ஒட்டியவரிடமும், வழி சொன்ன ஆட்டுக்காரரிடமும், ஊசி குத்திய நோயாளியிடமும் கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டு, "அவசியம் ஒருநா நம்ம வீட்டுக்கு வரணும்" என்பாள். இது எங்கள் சீமையில் எல்லாரும் சொல்வதுதான். கேட்டவர் "வந்துட்டாப் போச்சு" என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட வேண்டும். அதுதான் முறை. மலைக்கு அந்த முறை தெரியாது என்பதை அவள் எப்படிக் கண்டாள்?

நத்தம் பக்கத்தில் தேன்கூட்டுப்பட்டி என்று ஒரு சின்ன ஊர், அதை ஒட்டி ஒரு குன்று. மாசியில் அங்கே ஏறிய மங்களேஸ்வரியும் கண்டக்டரும் உச்சியில் மழையில் மாட்டிக்கொண்டார்கள், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருக்கிற மாதிரி பனிமூட்டம், கண்டக்டர்தான் முந்தானையைப் பல்லால் கவ்வி இழுத்துப்போய் ஒரு பாறை இடுக்கில் சேர்த்தது, அந்தப் பாறை உள்ளே கதகதப்பாக இருந்ததாம், இருவரும் விடியும்வரை நன்றாகத் தூங்கினார்களாம். காலையில் இறங்கும்போது அவள் அந்தப் பாறையைத் தொட்டுக் கும்பிட்டு, "ரொம்ப ஒத்தாசை பண்ணீக, அவசியம் ஒருநா நம்ம வீட்டுக்கு வரணும்" என்று சொல்லியிருக்கிறாள், கண்டக்டரும் வழக்கம்போல் இரண்டு தடவை குரைத்திருக்கிறது. திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு மைல்கல்லிலும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக் காலைத் தூக்கியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

வழியில் பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள், மலை மிகவும் அடக்கமாகத்தான் நடந்து வந்ததாம், பஸ் வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்றதாம், ஒவ்வொரு மைல்கல் அருகிலும் சற்றே குனிந்ததாம், வைகையில் தண்ணீர் இல்லாததால் கால் நனையாமல் கடந்ததாம். எங்கள் ஊருக்குள் நுழைந்து, அவ்வளவு பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் இறங்கி மங்களேஸ்வரியின் வீட்டைப் பார்த்து உட்கார்ந்தது. புளியமரங்களும் ஈஞ்சம்புதரும் நான்கைந்து குரங்குகளும் ஒரு ஊற்றும் அதனோடு வந்திருந்தன. குரங்குகள்தான் பயணக் களைப்பில் இருந்தன.

மங்களேஸ்வரி பல் விளக்கிக்கொண்டிருந்தவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, வீட்டுக்குள் ஓடி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "வாங்க வாங்க" என்று மலையின் அடிவாரத்தில் ஊற்றினாள். அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்டக்டர் வாலை ஆட்டிக்கொண்டே ஒரே ஓட்டமாக உச்சிக்குப் போய்விட்டது.

"இவுகளுக்கு என்னத்தக் கொடுக்குறது? காப்பி குடிப்பாகளா?" என்று கேட்டாள் என் பெண்டாட்டி நாகவள்ளி.

"அவுகளா? மலைக்கு என்னடி மரியாதை" என்றேன்.

"வீடு தேடி வந்துருக்காகல்ல. பெறகு அதுங்கிறதா?"

அன்றைக்கே ஊர் மொத்தமும் மலையை 'அவுக' என்று சொல்ல ஆரம்பித்தது. எனக்கு மட்டும் வாய் வரவில்லை, ஏனென்றால் அன்றைக்குப் பிற்பகல் மூன்றரை மணிக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது, என் மிளகாய்க் களத்தில் நிழல் விழுந்துவிட்டது.

மூன்றரை மணிக்குச் சாயங்காலம் ஆகிவிட்டால் ஒரு ஊர் என்னதான் செய்யும்? கோழிகள் அடைந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்கள். டீக்கடையில் நாலு மணி டீயைக் குடிப்பதா, ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவதா என்று புரியாமல் இரண்டையும் செய்தார்கள். நம் ஊரில் மலை உண்டா என்ற பரீட்சைக் கேள்விக்கு இல்லை என்று எழுதியவனுக்கும் உண்டு என்று எழுதியவனுக்கும் டீச்சர் பாதி பாதி மார்க் போட்டார். வி.ஏ.ஓ. சங்கிலியோடு வந்து அளந்துவிட்டு, கண்மாய் கணக்கில் காட்டுவதா காடு கணக்கில் காட்டுவதா என்று மேலே எழுதிக் கேட்டார், மேலே இருந்தவர்கள் இன்னும் மேலே எழுதிக் கேட்டார்கள்.

ஆனால் ஊற்றுத் தண்ணீர் இனித்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் பருப்பு வேகவைத்துத் தோற்றவர்கள், முதல் தடவையாக அரைமணியில் பருப்பு வெந்தபோது நாகவள்ளி அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மங்களேஸ்வரி தினமும் வேலைக்குப் போகும் முன் கண்டக்டரோடு மலை ஏறினாள், அவளைப் பேசிய நாங்களும் புளிச்சோறு கட்டிக்கொண்டு பின்னாலேயே ஏறினோம், வழுக்குப் பாறை வந்தால் கண்டக்டர் ஒரு தடவை குரைக்கும், நிற்போம், இரண்டு தடவை குரைத்தால் நடப்போம், உச்சியில் நின்று எங்கள் ஊரையே எட்டிப் பார்த்து, இவ்வளவு சின்ன ஊரிலா இவ்வளவு வம்பு பேசினோம் என்று ஆச்சரியப்பட்டோம். எனக்கும் பிடித்திருந்தது. அதுதான் குழப்பமே. காலையில் மலையில் காற்று வாங்கிவிட்டு இறங்கி வந்தால் களத்தில் என் மிளகாய் பனியில் நனைந்து நமுத்துக் கிடக்கும், புரட்டினால் அடியில் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருக்கும், ஒரு வருஷத்து உழைப்பு கையில் பிசுபிசுக்கும், மலையைப் பார்த்துத் திட்டுவேன், மறுநாள் காலையில் ஏறுவேன்.

மூன்றாவது வாரம் ஒரு மினி வேனில் தேன்கூட்டுப்பட்டிக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். அவர்களுக்கு மூத்தவர் பெயர் சடையாண்டி. கோபமாக வரவில்லை, பிறந்த வீட்டில் போய் உட்கார்ந்துகொண்ட பெண்டாட்டியை அழைக்க வந்தவர் மாதிரி, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்.

"அது எங்க மலைங்க" என்றார்.

பஞ்சாயத்துத் தலைவர், வழிவிட்டான் என்று பெயர், அவர்களை உட்காரவைத்து, "நாங்க ஒண்ணும் தூக்கிட்டு வரலைங்க. அவுகளாத்தான் வந்தாக" என்றார்.

"தெரியுமுங்க. குத்தம் சொல்ல வரலை. ஊத்து இல்லாம பொம்பளைக ரெண்டு மைலு நடக்குறாக. அதுகூடப் பரவால்லைங்க. மலை இருந்த எடம் மொட்டையாக் கெடக்கு, எங்க ஆடுக காலைல போயி அங்கனதான் நிக்குது. நெழல் வருமுன்னு நிக்குது. மேயவும் மாட்டேங்குது, வரவும் மாட்டேங்குது."

மங்களேஸ்வரி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அது அவர்கள் ஊற்றுத் தண்ணீர்தான். சடையாண்டி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, ருசி தெரிந்து, செம்பைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

சரி, அனுப்பிவிடுவோம் என்று ஊர் முடிவு செய்தது, ஆனால் வந்த விருந்தாளியைப் போ என்று எங்கள் ஊரில் எவன் சொல்லுவான்? ஆகவே முறையாக ஜாடை காட்டினோம். வழிவிட்டான் மலைக்கு முன்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கடைசி பஸ்ஸும் போயிருமே" என்று சத்தமாகச் சொன்னார். பெண்கள் அடிவாரத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். நான் பத்து தடவை கொட்டாவி விட்டேன். "ஊருல எல்லாரும் தேடுவாகளே" என்று இரண்டு பேர் தங்களுக்குள் பேசுவது மாதிரி பேசினார்கள். மலை அசையவே இல்லை, மறுநாள் பார்த்தால் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

விஷயம் பிடிபட்டது கண்டக்டருக்குத் தடுப்பூசி போடப் போன அன்றுதான். வேலைக்கு அவள் பஸ்ஸில் போய்விடுவாள், மலை வந்த பிறகு கண்டக்டர் ஊரைத் தாண்டக் கிளம்பியது அன்றுதான். ஸ்கூட்டரில் ஏறி நின்று அது இரண்டு தடவை குரைத்தது, வண்டி தெருமுனையைத் தாண்டியது, மலை எழுந்து பின்னாலேயே போனது. சுடுகாட்டுப் பாலத்தருகே நாய் திரும்பிப் பார்த்து ஒரு தடவை குரைத்தது, மலை நின்றது. அவள் பயந்துபோய் வண்டியைத் திருப்பினாள், மலையும் திரும்பிக் கண்மாய்க்குள் வந்து உட்கார்ந்தது. களத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்தது. கண்டக்டர் போனால் மலை போகும். கண்டக்டர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மலை இருக்கும்.

ஊர்க்கூட்டத்தில் அதிகமாகச் சத்தம் போட்டவன் நான்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது.

"ஒரு நாயிதானே தாயி, அந்த ஊருலயே விட்டுட்டு வந்துரு" என்றேன். "வேற குட்டி ஒண்ணு பிடிச்சுத் தாரேன். நல்ல சாதிக் குட்டியா."

மங்களேஸ்வரி என்னைப் பார்த்தாள். "அண்ணே, ராத்திரி சாப்பிட உக்காந்தா எனக்கு எதுத்தாப்புல உக்காந்து சாப்பிடுற ஆளு அவன் ஒருத்தன்தான்" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

"நீயும் ஒரு மனுசனா" என்று நாகவள்ளி எல்லார் முன்னாலும் கேட்டாள். மிளகாய்க்காரர்கள் ஒரு பக்கம், ஊற்றுத் தண்ணீர்க்காரிகள் ஒரு பக்கம், பாதி வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு இல்லை. எனக்கு மலை போகவும் வேண்டும், நாய் இருக்கவும் வேண்டும், மிளகாய் காயவும் வேண்டும், பருப்பு வேகவும் வேண்டும். எதை முதலில் கேட்பது?

மூன்று நாள் கழித்து அவளே வந்தாள். "அண்ணே, நாளைக்குக் காலைல கெளம்புறோம். நடந்தே போறோம்."

"ஏன் தாயி திடீர்னு?"

"அந்த ஆடுக நிக்கிறதத்தான் நெனச்சுக்கிட்டே இருக்கேன். இவரு செத்த பெறகு நானும் அப்புடித்தான் வாசலைப் பாத்து நின்னேன், ரெண்டு வருசம்."

மறுநாள் வீட்டுக்கு ஒன்றாக இருநூறு வீட்டிலிருந்தும் மலைக்குத் தாம்பூலத் தட்டு வந்தது, வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், ஒரு ரவிக்கைத் துணி. இருநூறு ரவிக்கைத் துணியையும் புளியமரங்களில் கட்டி அனுப்பினோம். பெண்கள் கடைசியாக ஒரு குடம் பிடித்துக்கொண்டார்கள். கண்டக்டர் இரண்டு தடவை குரைத்தது.

ஐந்து நாள் நடந்தோம். முன்னால் கண்டக்டர், அடுத்து மங்களேஸ்வரி, அவளுக்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் அரிசி பருப்போடு குட்டியானை வண்டியில், சேதி கேட்டு வந்துவிட்ட சடையாண்டியும் நானும் இன்னும் நாலு பேரும். போகும் வழியெல்லாம் நிழலைக் கூடவே கூட்டிக்கொண்டு போன மாதிரி இருந்தது, சித்திரை வெயில் எங்கள் மேல் படவே இல்லை, ரயில்வே கேட்டில் மலையும் நின்று காத்திருந்தது, கேட்காரர் கொடியைக் காட்டிவிட்டுக் கும்பிட்டார், ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களைப் பெண்வீட்டார் என்று நினைத்துப் பன்னீர் தெளித்தார்கள், இளநீர் விற்றவர் மலைக்கும் ஒன்று வெட்டி ஊற்றினார். வைகை மணலில் கண்டக்டரும் அவளும் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். மங்களேஸ்வரி வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முதலில் கேட்டேன், ஆறு வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரன் நான். இந்த ரோடு தீராமல் இருக்கக் கூடாதா என்று மிளகாயை மறந்து நினைத்தேன்.

ரோடு தீர்ந்தது. தேன்கூட்டுப்பட்டியில் வட்டமாக, சிவப்பாக, வெற்றிடம் கிடந்தது, அதன் நடுவில் ஆடுகள் நின்றன. சடையாண்டி அவற்றை ஓட்டி ஒதுக்கினார். கண்டக்டர் ஒரு தடவை குரைத்தது. நாய் படுக்குமுன் சுற்றுகிற மாதிரி மலை அந்த இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு உட்கார்ந்தது, உட்கார்ந்ததில் முன்பக்கம் பின்பக்கமாகிப்போய் ஊற்று மேலத்தெருவுக்குப் பதில் கீழத்தெருவில் விழுந்தது, அதைப் பற்றி அவர்கள் ஊரில் இப்போதும் சண்டை நடக்கிறதாம். ஆடுகள் ஒவ்வொன்றாக நிழலுக்குள் போய்ப் படுத்தன.

பிறகு நாங்கள் எல்லாரும் சும்மா நின்றோம். எங்கள் பக்கத்தில் யாரும் போறேன் என்று சொல்ல மாட்டார்கள். செத்தவர்கள்தான் போவார்கள், மற்றவர்கள் போயிட்டு வருவார்கள். போயிட்டு வர்றேன் என்று அவள் சொன்னால் அந்த நாய் அன்றையிலிருந்து ரோட்டோரமே கதி என்று உட்கார்ந்திருக்கும், ஒருநாள் தேடிக்கொண்டு கிளம்பியும் விடும், பின்னாலேயே மலையும் வரும். வா என்றால் இப்போதே வரும். போறேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. யாரைப் பார்த்தாலும் வீட்டுக்கு வரணும் என்கிறவள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றாள். கண்டக்டர் அவளைப் பார்த்தது, மலையைப் பார்த்தது, மறுபடி அவளைப் பார்த்தது, அவள் காலடியில் வந்து அவள் கையை ஒருமுறை நக்கிவிட்டுத் திரும்பிப் போய் அடிவாரத்துப் பாறையில் ஏறி நின்றது.

இரண்டு தடவை குரைத்தது.

ஐயோ, மறுபடி கிளப்புகிறதே என்று நாங்கள் எல்லாரும் மலையைப் பார்த்தோம். மலை அசையவில்லை. அந்த இரண்டு குரைப்பு மலைக்கு இல்லை என்று எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது, அதற்குள் மங்களேஸ்வரி திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கும் இடத்தை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தாள்.

குட்டியானையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு நான் அவளோடு பஸ் ஏறினேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், முகத்தில் ஒன்றும் இல்லை, கையில் அந்தத் தயிர்ச்சோற்றுத் தூக்கு. பஸ் கண்டக்டர் படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு விசில் கொடுத்தார். அப்போதுதான் அழுதாள். மதுரை வரைக்கும் அழுதாள், மதுரையில் பஸ் மாறி ஏறி பரமக்குடி வரைக்கும் அழுதாள். பேசியதெல்லாம் நான், ஒரு நாயிதானே என்று சொன்ன வாய் இது, ஊர் கிட்டத்தில் வந்ததும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ தாயி."

அதற்கு அவள் 'இருக்கட்டும்ணே, இன்னொரு நாளைக்கு' என்று சொல்ல வேண்டும். நான் அதற்காகக் காத்திருந்தேன். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இறங்கி நடந்தோம், கண்மாய் வெறுமையாகக் கிடந்தது, ஐந்து மணிக்கும் வெயில் அடித்தது, கோழிகள் என்ன செய்வதென்று தெரியாமல் தெருவில் நின்றன. அவள் வீட்டு வாசல் வந்தது, அவள் உள்ளே திரும்பவில்லை, என் பின்னாலேயே வந்தாள். என் வீட்டுக்குள் நுழைந்து, எனக்கு எதிரில், தரையில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டேன்ணே" என்றாள்.

நாகவள்ளி உள்ளே போய் ஒரு செம்பில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வரணும் என்ற வார்த்தையை நம்பி வந்தவர்கள் இதுவரை இரண்டு பேர்தான். ஒருவரை நாங்கள் அனுப்பிவைத்துவிட்டோம், இன்னொருவருக்கு நாகவள்ளி தட்டெடுத்து வைத்தாள்.